கல்யாணப் பத்திரிகையில் திருப்பலி நேரத்தைத் தெளிவாகப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் எங்கள் கத்தோலிக்கக் கோயில்களில் பொதுவாகக் கல்யாணம் வைப்பதில்லை. அதனால் தை பிறந்ததுமே சோமனூர், கருமத்தம்பட்டிப் பக்கம் கத்தோலிக்க வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகள் வரிசையாக வர ஆரம்பிக்கும். அவற்றில் நேரம் போடுகிற முறையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் மூத்த மகள் கல்யாணத்துக்கு அச்சகத்தில் வைத்திருந்த ரெடி மேட்டரையே எடுத்துக்கொண்டோம். மேலே சிலுவை, மத்தேயு 19:6 வசனம், எல்லாம் சரி. நேரம் மட்டும் 'காலை 9 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்' என்று முகூர்த்தக் கணக்கில் அச்சாகிவிட்டது. புரூஃப் பார்த்த எங்களுக்கும் அது தவறாகப் படவில்லை.

திருப்பலி, அதாவது கோயில் பூசை, 9 மணிக்குத் தொடங்கியது. வாசகங்கள், நற்செய்தி, மறையுரை முடிந்ததும் மணமக்களின் வாக்குறுதி, தாலி மந்திரிப்பு (ஆசீர்வாதம்), தாலி கட்டு. அப்போது மணி பத்துகூட ஆகவில்லை. எங்களோடு இருபது வருடம் தறி ஓட்டிய பக்கத்து வீட்டு அக்கா பத்தேகாலுக்கு வந்தார். தாலி கட்டு முடிந்து நற்கருணை அப்பம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "பத்தரைக்குள்ளனுதானுங்க போட்டிருந்தீங்க, தாலி கட்டறதப் பாக்க முடியலீங்களே" என்றார். என் மகளைத் தூக்கி வளர்த்தவர் அவர். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

முகூர்த்தம் என்றால் அந்த நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் தாலி ஏறலாம். திருப்பலி அப்படியில்லை, சொன்ன மணிக்குத் தொடங்கிவிடும். எனவே 'திருமணத் திருப்பலி சரியாகக் காலை 9 மணிக்குத் தொடங்கும், தாலி கட்டு சுமார் 9.40' என்று போட்டால் எல்லோருக்கும் புரியும். விருந்தாளிகளில் பாதிக்கு மேல் கோயிலுக்குள் வந்தே பழக்கமில்லாத சொந்தபந்தமும் அக்கம்பக்கமும்தானே?

மண்டபத்தின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு, கோயிலைக் கீழே சின்னதாகப் போடுவதும் வேண்டாம். பலர் நேராக மண்டபத்துக்கே போய்விடுகிறார்கள். கோயில் பெயருக்குப் பக்கத்திலேயே எந்த பஸ் ஸ்டாப் என்பதையும் சேர்க்கலாம். அப்புறம் பெயர். கோயிலில் திருமண அறிவிப்பாக ஓலையில் வாசிக்கிற ஞானஸ்நானப் பெயரை மட்டும் அச்சடித்தால், ஊரில் பாதிப் பேருக்கு அது யார் கல்யாணம் என்றே தெரியாது. கூப்பிடுகிற பெயரும் இருக்கட்டும்.

இன்னொரு வார்த்தை. 'அருட்தந்தை அவர்கள் திருமணத்தை நடத்தி வைக்க' என்றே பலரும் போடுகிறோம். எங்கள் திருச்சபையின் போதனைப்படி திருமணம் என்னும் இந்த அருட்சாதனத்தை (புனிதச் சடங்கை) மணமக்களே ஒருவருக்கொருவர் வழங்கிக்கொள்கிறார்கள். குருவானவர் திருச்சபையின் சார்பில் அவர்களுடைய சம்மதத்தைக் கேட்டுப் பெறுகிறார், கூட இரண்டு சாட்சிகள் நிற்கிறார்கள். ஆகவே திருப்பலி அவர் தலைமையில், திருமணம் அவர் முன்னிலையில் என்று எழுதுவதே பொருத்தம். கல்யாணத்துக்கு முந்தைய வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். பத்திரிகையில் மட்டும் ஏன் மாற்றிப் போடுகிறோம்?

இளையவளுக்கு வரும் தையில் கல்யாணம். இந்த முறை புரூஃப் வந்ததும் முதலில் அந்த அக்காவிடம்தான் வாசித்துக் காட்டப் போகிறேன். எத்தனை மணிக்குக் கிளம்பி வர வேண்டும் என்று அவருக்குப் புரிந்த பிறகே அச்சுக்குக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சோமனூர்