மில்ரோவைக் கடைசியில் போடாதே: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய பட்டியல் வந்தது. அமெரிக்கன் ஃபுட்பாலில், 2016 முதல் 2024 வரை அலபாமா பல்கலைக்கழக அணிக்கு ஆடிய குவாட்டர்பேக்குகள் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துகிறவர்கள்) ஐந்து பேரை வரிசைப்படுத்தியிருக்கிறாய். பிரைஸ் யங், டூவா டாகோவைலோவா, மேக் ஜோன்ஸ், ஜேலன் ஹர்ட்ஸ், கடைசியாக ஜேலன் மில்ரோ. அதற்குக் கீழே, "மாமா, இதில் சண்டைக்கே இடமில்லை" என்று ஒரு வரி வேறு. இடமிருக்கிறது. ஃபோனில் பேசினால் நீ பாதியிலேயே குறுக்கே புகுந்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். உன்னை மாதிரியே நினைக்கிற நம்மாட்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருப்பதால் எல்லாரும் படிக்கிற இடத்திலேயே எழுதுகிறேன்.

முதலில் உன் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிற டஸ்கலூசாவுக்குப் படிக்க வந்தது போன வருஷம். நீ மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தது 2024-இன் மில்ரோவை மட்டும்தான். அந்த சீசனில் பாஸ் (பந்தை எறிந்து முன்னேறிய தூரம்) 2,844 யார்டு, 16 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்தது), 11 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட எறி). இதைக் கொண்டுபோய் 2020-இன் மேக் ஜோன்ஸ் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும்? அவருக்கு 4,500 யார்டு, 41 டச்டவுன், வெறும் 4 இன்டர்செப்ஷன். எறிந்த பந்துகளில் நூற்றுக்கு 77 ஆள் கையில் போய்ச் சேர்ந்தன. 2021-இல் யங் 4,872 யார்டு, 47 டச்டவுன். ஜோ நேமத், கென் ஸ்டேப்ளர் காலத்திலிருந்து எந்த அலபாமா குவாட்டர்பேக்குக்கும் கிடைக்காத, கல்லூரி ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மேன் விருதை முதன்முதலாக வாங்கியவர் அவர். பந்தை எறிவது மட்டும்தான் கணக்கு என்றால் நான் இங்கேயே கடிதத்தை முடித்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த எண்கள் தனியாக வந்தவை இல்லை. தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டில், 2021-இல், அலபாமாவிலிருந்து முதல் சுற்றிலேயே ஆறு பேர் போனார்கள். ஜோன்ஸை விட்டுவிட்டுப் பார். எறிந்த பந்தைப் பிடிக்கிற ரிசீவர்கள் ஜேலன் வாடில் 6-ஆவது, டெவான்டா ஸ்மித் 10-ஆவது, முன்னால் நின்று எதிரணியை மறிக்கிற லைன்மேன் அலெக்ஸ் லெதர்வுட் 17-ஆவது, பந்தோடு ஓடுகிற ரன்னிங் பேக் நாஜி ஹாரிஸ் 24-ஆவது. இவர்கள் எல்லாரும் ஜோன்ஸோடு சேர்ந்து தாக்குதலில் நின்றவர்கள். ஆறாவது ஆள், 9-ஆவதாகப் போன பேட்ரிக் சர்டெய்ன், தடுப்பில் இருந்தார். நடு சீசனில் வாடிலுக்குக் கணுக்கால் உடைந்தும் அந்த அணி அசரவில்லை. ஸ்மித் அந்த வருஷ ஹைஸ்மேனையே தூக்கிக்கொண்டு போனார். ஜோன்ஸைக் குறைத்துச் சொல்லவில்லை. 2017-இல் வந்து, ஹர்ட்ஸுக்கும் டூவாவுக்கும் பின்னால் பொறுமையாக உட்கார்ந்திருந்து, டூவாவுக்கு இடுப்பு முறிந்த பிறகு கிடைத்த இடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர் அவர். ஓஹையோ ஸ்டேட்டுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் 464 யார்டு, 5 டச்டவுன். இந்த ஐந்து பேரில் ஒரே ஒரு சீசனை எடுக்கச் சொன்னால் நான் அந்த சீசனைத்தான் எடுப்பேன். ஆனால் தார்ரோடு மாதிரி பிட்சில் அடித்த நூறையும், பந்து கண்டபடி எகிறுகிற பிட்சில் அடித்த அறுபதையும் நீயே ஒன்றாகப் பேச மாட்டாய். கிரிக்கெட்டில் உனக்கு இருக்கிற நிதானம் இங்கே ஏன் வரவில்லை?

யங்கையே எடுத்துக்கொள். 2021-இல் ஜார்ஜியாவுக்கு எதிராக எஸ்.இ.சி. (அலபாமா ஆடுகிற தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் லீக்) இறுதியில் 421 யார்டு எறிந்து 41-24 என்று நொறுக்கினார். அந்த ஆட்டத்தில்தான் ரிசீவர் ஜான் மெட்சி காயப்பட்டு சீசனை விட்டே போனார். அடுத்து இண்டியானாபொலிஸில் அதே ஜார்ஜியாவோடு தேசிய இறுதி. இரண்டாவது குவார்ட்டரில் இன்னொரு ரிசீவர் ஜேமிசன் வில்லியம்ஸ் முழங்கால் போய் வெளியேறினார். இரண்டு பெரிய ரிசீவர்களும் இல்லாமல் அதே யங், அதே தோளால் எறிந்தார். இரண்டு இன்டர்செப்ஷன், 33-18 தோல்வி. யங் அந்த ஒரு மாதத்தில் மோசமாகிவிட்டாரா? அந்தத் தோல்விக்கு அவரைக் குறை சொன்னவர்களை நான் கண்டதே இல்லை. அந்தப் பெருந்தன்மையில் கொஞ்சம் மில்ரோவுக்கும் காட்டு என்கிறேன்.

இப்போது உன் பட்டியலில் எனக்கு நிஜமாகவே உறுத்துகிற இடத்துக்கு வருகிறேன். மில்ரோவுக்கு முன்னோடி யங் இல்லை, டூவாவும் இல்லை. ஹர்ட்ஸ்தான். நீ ஹர்ட்ஸை ஒரு படி மேலே வைத்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும். 2025 பிப்ரவரியில் கான்சாஸ் சிட்டியை 40-22 என்று அடித்து, தொழில்முறை ஆட்டத்தின் பெரிய கோப்பையான சூப்பர் பௌலும் அதன் ஆட்ட நாயகன் விருதும் வாங்கினாரே, அந்த ஹர்ட்ஸைத்தான் நீ பார்த்திருக்கிறாய். அலபாமாவில் ஆடிய ஹர்ட்ஸை நீ பார்த்ததில்லை. நான் இந்த மாநிலத்துக்கு வந்த வருஷம்தான் அவர் பதினெட்டு வயசுப் பையனாக ஆட ஆரம்பித்தார். இந்த ஆட்டத்தை எனக்குப் புரிய வைத்ததே அவர் கால்கள்தான்.

2016-இல் ஹர்ட்ஸ் எறிந்தது 2,780 யார்டு, 23 டச்டவுன், 9 இன்டர்செப்ஷன். 2023-இல் மில்ரோ எறிந்தது 2,834 யார்டு, 23 டச்டவுன், 6 இன்டர்செப்ஷன். இன்னொன்றும் பார். ஹர்ட்ஸ் அதற்கு 382 தடவை பந்தை எறிந்தார். மில்ரோ 284 தடவை. அதாவது மில்ரோவின் ஒவ்வொரு எறிக்கும் பத்து யார்டு. ஓட்டத்தில் ஹர்ட்ஸ் 954 யார்டு, 13 டச்டவுன். மில்ரோ 531 யார்டு, 12 டச்டவுன். ஒருவர் ஓட்டத்தில் அதிகம், ஒருவர் எறியில் அதிகம். ஹர்ட்ஸின் முதல் வருஷத்தை இந்த ஊரே தலையில் வைத்துக் கொண்டாடியது. எஸ்.இ.சி.யின் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர் என்ற பட்டமும் கிடைத்தது. கிட்டத்தட்ட அதே கணக்கோடு வந்த மில்ரோவுக்கு "பந்து எறியத் தெரியாதவர்" என்ற பேச்சுதான் மிஞ்சியது. ஏன்? இடையில் டூவாவும் ஜோன்ஸும் யங்கும் வந்து எல்லாருடைய கண்ணையும் மாற்றிவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம்.

இரண்டு பேருக்கும் உட்கார வைக்கப்பட்ட அனுபவமும் உண்டு. 2018 ஜனவரி 8, அட்லாண்டா, ஜார்ஜியாவோடு தேசிய இறுதி. பாதி ஆட்டத்தில் 13-0 என்று பின்தங்கி, ஹர்ட்ஸ் 21 யார்டு மட்டும் எறிந்திருந்த நிலையில் தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபன் அவரை உட்கார வைத்து டூவாவை இறக்கினார். கூடுதல் நேரத்தில் டூவா முதல் பிளேயிலேயே 16 யார்டு பின்னால் போய் விழுந்தார். அடுத்ததில் ஸ்மித்துக்கு 41 யார்டு டச்டவுன், 26-23. ஹர்ட்ஸ் முகம் சுளிக்கவில்லை. அந்த வருஷம் முழுக்க டூவாவுக்குத் துணையாக இருந்து, டிசம்பரில் அதே ஜார்ஜியாவுக்கு எதிராக, காயப்பட்ட டூவாவின் இடத்தில் இறங்கி, ஒரு டச்டவுன் எறிந்து, ஒரு டச்டவுன் ஓடி, 35-28 என்று ஜெயித்துக் கொடுத்தார். அப்புறம்தான் ஓக்லஹோமாவுக்குப் போனார்.

மில்ரோவின் கதை 2023 செப்டம்பரில் தொடங்குகிறது. சொந்த மைதானத்தில் டெக்சஸிடம் 34-24 தோல்வி, இரண்டு இன்டர்செப்ஷன். அடுத்த வாரம் சவுத் ஃப்ளோரிடா ஆட்டத்தில் அவரை இறக்கவே இல்லை. வேறு இருவர் முயன்று 17-3 என்று திக்கித் திணறி ஜெயித்தார்கள். அந்த ஆட்டம் முழுக்க மில்ரோ கோட்டோரம் நின்று, உள்ளே போய் வருகிற ஒவ்வொருவரையும் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த வாரம் இடம் திரும்பக் கிடைத்தது. அன்றிலிருந்து, தேசிய அரையிறுதியான ரோஸ் பௌல் வரை ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. நீ குவாட்டர்பேக்காக ஆடக்கூடாது என்று தன் சொந்தப் பயிற்சியாளர் ஒருவரே தன்னிடம் சொன்னதாக அவர் பிற்பாடு வெளியில் சொன்னார். அப்படி ஒரு சொல்லைக் கேட்ட பிறகும் அந்த இடத்திலேயே நின்றவர் அவர்.

அதே 2023 சீசனில் ஆபர்ன் ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தை நீ துண்டு வீடியோவாகப் பார்த்திருப்பாய். முழுசாகப் பார். 24-20 என்று ஆபர்ன் முன்னிலை. அலபாமா உதைத்த பந்தை ஆபர்ன் ஆட்டக்காரர் கைநழுவ விட, நமக்கு ஓர் உயிர் கிடைத்தது. 7 யார்டு கோடு வரை போயாகிவிட்டது. அங்கே மில்ரோ எதிர்பாராத நேரத்தில் ஒரு ஸ்னாப் (ஒவ்வொரு முறையும் ஆட்டத்தைத் தொடங்க நடு ஆள் பின்னால் தருகிற பந்து) வந்து, பந்து பின்னால் உருண்டு, 18 யார்டு போச்சு. அப்புறம் மில்ரோவே கோட்டைத் தாண்டிப் போய்ப் பந்தை எறிந்து ஒரு பெனால்டி. நாலாவது டவுன், அதாவது கடைசி வாய்ப்பு, 31 யார்டு தூரம். ஆபர்ன் இரண்டே பேரை மட்டும் அவர் மேல் அனுப்பிவிட்டு மற்ற எல்லாரையும் பின்னால் நிறுத்தியது. ஓடுகிற ஆள்தானே, ஓடித் தொலைக்கட்டும் என்ற கணக்கு. அவர் ஓடவில்லை. நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று பார். பிறகு டச்டவுன் எடுக்கிற பகுதியான எண்ட் ஸோனின் பின்மூலையில், கோட்டை ஒட்டி, ரிசீவர் ஐசாயா பாண்ட் மட்டும் எட்டிப் பிடிக்கிற இடத்துக்கு எறிந்தார். 32 வினாடி பாக்கி, 27-24. எறியத் தெரியாதவர் எறிந்த பந்தா அது?

ஒரு வாரம் கழித்து, தொடர்ந்து 29 ஆட்டம் ஜெயித்து வந்த ஜார்ஜியாவையும் அதே 27-24-இல் நிறுத்தினார்கள். மில்ரோதான் அன்று ஆட்ட நாயகன்.

ரோஸ் பௌலில் மிச்சிகனிடம் தோற்றதையும் நீ எழுதியிருந்தாய். சரி. கூடுதல் நேரம், நாலாவது டவுன், 3 யார்டு, நடுவில் புகுந்து ஓடியவரை மடக்கிவிட்டார்கள். ஆனால் அன்று அவரை ஆறு முறை சேக் செய்தார்கள் (எறியும் முன்பே வீழ்த்தினார்கள்) என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் கடைசி ஸ்னாப்கூடத் தாழ்வாகத்தான் வந்தது. அந்த வருஷம் கோப்பையை வாங்கியதும் மிச்சிகன்தான். பத்து நாள்கூட ஆகவில்லை, சேபன் ஓய்வு பெற்றுவிட்டார். மில்ரோவை எடுத்து வளர்த்தவர் போய், கேலன் டிபோர் வந்தார். அலபாமாவில் இருந்த நாலு வருஷத்தில் மில்ரோவுக்குக் கிடைத்த மூன்றாவது தாக்குதல் திட்டம் அது.

நீ பார்த்த சீசனின் குறைகளை நான் மூடி மறைக்க மாட்டேன். ஓக்லஹோமாவில் 24-3 தோல்வி, மூன்று இன்டர்செப்ஷன். அதற்குச் சாக்கே கிடையாது. திறந்து கிடந்த ஆட்களைப் பார்க்காமல் விட்டார், பந்தை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தார். 1984-க்குப் பிறகு அலபாமாவை ஜெயித்திராத வாண்டர்பில்ட்டிடம், முதல் இடத்தில் இருந்துகொண்டு, 40-35 என்று தோற்றது இன்னமும் எனக்கு ஆறவில்லை. ஆனால் அந்தத் தோல்விக்குத் தடுப்புப் பக்கம் நாற்பது புள்ளி கொடுத்ததும் ஒரு காரணம். அதற்கு ஒரே வாரம் முன்னால் நீ நம் சொந்த மைதானமான பிரையண்ட்-டென்னியில் இருந்தாயே, அந்த ராத்திரியை ஏன் மறந்தாய்? ஜார்ஜியாவுக்கு எதிராக 374 யார்டு பாஸ், 117 யார்டு ஓட்டம், இரண்டிலும் இரண்டிரண்டு டச்டவுன். 28-0 என்ற முன்னிலையெல்லாம் கரைந்து, 34-33 என்று ஜார்ஜியா முன்னால் போனதும், அடுத்த பிளேயிலேயே பதினேழு வயசு ரயன் வில்லியம்ஸுக்கு 75 யார்டு டச்டவுன். அன்றைக்கு நடுராத்திரி எனக்கு ஃபோன் போட்டுக் கத்தியவன் நீதானே!

உன் அட்டவணையில் ஓட்டத்துக்குக் கட்டமே இல்லை. போன சீசனில் மட்டும் அவர் ஓடி எடுத்த டச்டவுன் 20. எந்த அலபாமா குவாட்டர்பேக்கும் ஒரே சீசனில் அவ்வளவு எடுத்ததில்லை. எல்.எஸ்.யு. (லூயிசியானா ஸ்டேட்) ஊரிலேயே போய் ஒரே ஆட்டத்தில் 185 யார்டு, 4 டச்டவுன். பாஸையும் ஓட்டத்தையும் சேர்த்தால் 2023-இல் 35, 2024-இல் 36. அவர் ஆரம்பத்திலிருந்து இறங்கிய ஆட்டங்களில் 21 வெற்றி, 6 தோல்வி. டிராஃப்டில் 92-ஆவதாகத்தான் சியாட்டில் எடுத்தது என்று நீ சிரித்தாய். ஹர்ட்ஸை இரண்டாம் சுற்றில் 53-ஆவதாக எடுத்தபோதும் இதே சிரிப்பைத்தான் கேட்டேன். மில்ரோவும் அந்த உயரத்துக்குப் போவார் என்று நான் பந்தயம் கட்டவில்லை. தொழில்முறை ஆட்டம் வேறு, அவர் எறிவதில் இன்னும் திருத்த வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனால் அலபாமாவில் ஆடியதை வைத்து மட்டும் அளந்தால், அவர் இடம் ஹர்ட்ஸுக்குச் சமமாக, தோளோடு தோள். யங்கும் டூவாவும் மேலே இருக்கட்டும், மறுப்பில்லை. ஜோன்ஸை எங்கே வைப்பது என்பது தனிச் சண்டை, அதை நேரில் போடுவோம்.

இந்த மாதக் கடைசியில் அலபாமாவின் அடுத்த குவாட்டர்பேக்காக டை சிம்ப்ஸன் இறங்குகிறார். யங்குக்கும் மில்ரோவுக்கும் பின்னால் மூன்று வருஷம் காத்திருந்த பையன். முதல் ஆட்டம் 30-ஆம் தேதி, டல்லஹாஸியில், ஃப்ளோரிடா ஸ்டேட்டோடு. அன்றைக்கு சாயங்காலமே அவரையும் பட்டியலில் ஓரிடத்தில் செருகி அனுப்பாதே. ஒரு சீசனாவது போகட்டும். சனிக்கிழமைதான், இங்கே ஹண்ட்ஸ்வில்லுக்கு வந்துவிடு, சேர்ந்து பார்ப்போம். அத்தை முறுக்குக்கு மாவு அரைத்து வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
மாமா
ஆகஸ்ட் 2025