முழங்காலில் போட்ட ஊசியில் என்ன மருந்து இருந்தது?

அனுப்புநர்: நோயாளியின் மகள், திண்டுக்கல்.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு, மூட்டுவலி சிகிச்சை மையம், மதுரைக் கிளை.

பொருள்: பிஆர்பி (நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்து தயாரித்துப் போடும் ஊசி) என்று சொல்லிப் போடப்பட்ட ஊசியின் மருந்து விவரம், சிகிச்சைப் பதிவேட்டின் நகல், மீதிப் பணம் ஆகியவற்றைக் கேட்டு.

ஐயா / அம்மா,

என் அம்மா சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குத்தவைத்துக் காய் நறுக்கியும் பெரிய பெரிய அண்டாக்களைத் தூக்கி இறக்கியும் தேய்ந்த முழங்கால்கள். பல வருஷமாக வலி. சர்க்கரை நோயும் இருக்கிறது. 'ஆபரேஷன் இல்லாமல் மூட்டுவலிக்குத் தீர்வு' என்ற உங்கள் விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத்தான் மதுரைக் கிளைக்கு அழைத்து வந்தேன்.

காத்திருக்க வைத்ததைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. எந்த ஆஸ்பத்திரியில் காத்திருக்காமல் வேலை முடிகிறது? ரிசப்ஷனில் இருந்த பெண், அம்மா எழுந்து உட்காரச் சிரமப்படுவதைப் பார்த்து உயரமான நாற்காலி ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து போட்டார். அவருக்கு நன்றி.

எக்ஸ்ரே எடுத்ததும் எங்களை டாக்டரிடம் அனுப்பவில்லை. 'கவுன்சிலிங்' என்று ஒரு அறைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் படத்தைத் திரையில் காட்டி, "நாலாவது ஸ்டேஜ், ஜவ்வு சுத்தமா போயிடுச்சு, இப்படியே விட்டா படுத்த படுக்கைதான்" என்றார். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அடுத்த நிமிடமே பேக்கேஜ் அட்டை மேஜைக்கு வந்தது: இரண்டு முழங்காலுக்கும் மூன்று தவணையாகப் பிஆர்பி ஊசி, மொத்தம் 54,000 ரூபாய், இன்றைக்கே கட்டினால்தான் இந்த விலை. ஆங்கிலத்தில் இருந்த ஒப்புதல் படிவத்தில் அம்மா தமிழில் கையெழுத்துப் போட்டார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படித்துச் சொல்லவில்லை. பணம் கட்டிய ரசீது கைக்கு வந்த பிறகுதான் டாக்டரைப் பார்க்க முடிந்தது. அவரும் திரையைத்தான் பார்த்தார். காலை மடக்கி நீட்டச் சொல்லவில்லை, நடக்கவிட்டுப் பார்க்கவில்லை, முட்டியைத் தொடக்கூட இல்லை. வேறு என்ன நோய் இருக்கிறது, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்வியும் வரவில்லை. கேட்டிருந்தால் சர்க்கரையைப் பற்றி அம்மாவே சொல்லியிருப்பார்.

ஊசி போடும்போது என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். அம்மா சீக்கிரமே வெளியே வந்துவிட்டார். அன்று வலி குறைந்த மாதிரிதான் இருந்தது. மறுநாள் நாக்கு வறண்டு போய், ராத்திரி முழுக்க அந்தக் கால்களோடு பாத்ரூமுக்கும் கட்டிலுக்குமாக நடந்தார். வீட்டில் இருக்கும் கருவியில் பார்த்தால் சர்க்கரை 340-ஐத் தாண்டியிருந்தது. வெறும் வயிற்றில் 150, 160-க்கு மேல் போகாத உடம்பு. சாப்பாட்டிலோ மாத்திரையிலோ எந்த மாற்றமும் இல்லை. வழக்கமாகப் பார்க்கும் எங்கள் ஊர் டாக்டரிடம் ஓடினோம். அவர் கேட்ட முதல் கேள்வியே, "முட்டியில ஸ்டீராய்டு ஏதும் போட்டாங்களா?" என்பதுதான்.

இல்லை டாக்டர், பிஆர்பி என்று பில்லை நீட்டினேன். அவர் அம்மாவின் பக்கம் திரும்பி, "கையில ரத்தம் எடுத்தாங்களாம்மா?" என்றார். "இல்ல சார், நேரா முட்டியிலதான் குத்துனாங்க" என்றார் அம்மா.

பிஆர்பி என்றால் நோயாளியின் சொந்த ரத்தத்தை எடுத்து, சென்ட்ரிஃபியூஜ் கருவியில் சுழலவிட்டு, தட்டணுக்கள் மிகுந்த பகுதியை மட்டும் பிரித்து மூட்டுக்குள் செலுத்துவது. கையில் ரத்தம் எடுக்காமல் பிஆர்பி போட வழியே கிடையாது. அப்படியானால் அம்மாவின் முட்டிக்குள் போனது என்ன? ட்ரையாம்சினோலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்தை மூட்டுக்குள் போட்டால் சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாட்கள் சர்க்கரை எகிறும் என்பது மருத்துவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அம்மாவுக்கும் அப்படியேதான் நடந்தது. அதற்காக, போட்டது ஸ்டீராய்டுதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். ஸ்டீராய்டு ஊசியே தப்பு என்றும் சொல்லவில்லை. வலி தாங்காத நேரத்தில் சில வாரங்கள் நிம்மதி தரும், பல நல்ல டாக்டர்கள் போடுகிறார்கள். ஆனால் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போடுவார்கள். அந்த மருந்தின் விலையும் சில நூறு ரூபாயைத் தாண்டாது.

அந்த 'நாலாவது ஸ்டேஜ்' கதையையும் சொல்லியாக வேண்டும். பிறகு அரசு மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவுக்குப் போனோம். அங்கே அம்மாவை நிற்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். உடம்பின் பாரம் முட்டியில் இறங்கும்போதுதான் எலும்புகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி மிச்சம் இருக்கிறது என்பது சரியாகத் தெரியுமாம். நீங்கள் படுக்க வைத்துத்தான் எடுத்தீர்கள். நின்று எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு இரண்டாம் நிலைத் தேய்மானம் என்றார்கள். தொடைத் தசைக்குப் பயிற்சி, எடைக் குறைப்பு, தரையில் குத்தவைக்காமல் இருப்பது, இவைதான் இப்போதைக்கு வைத்தியம் என்று காலைத் தூக்கி நிறுத்தும் பயிற்சியைச் செய்து காட்டி அனுப்பினார்கள். ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டிக்கு ஏறத்தாழ நாலு கிலோ சுமை குறையும் என்று அங்கே சொன்னதை அம்மா இப்போது தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீங்கள் சொன்னதுபோல நிஜமாகவே நாலாவது நிலை என்றால், எலும்போடு எலும்பு உரசும் அந்தக் கட்டத்தில் பிஆர்பியால் பெரிய பயன் கிடையாது. இரண்டாவது நிலை என்றால் படுத்த படுக்கை என்று பயமுறுத்தியது எதற்கு? எப்படிப் பார்த்தாலும் அந்தப் பேக்கேஜுக்கு நியாயம் இல்லை.

மருந்தின் பெயரைக் கேட்டு உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் பலமுறை பேசிவிட்டேன். "டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றோம் மேடம்" என்பதோடு சரி. எனவே எழுத்தில் கேட்கிறேன். அம்மாவுக்குப் போடப்பட்ட மருந்தின் பெயர், அளவு, தயாரிப்புத் தொகுதி எண், போட்டவரின் பெயர், பதிவு எண் ஆகியவை வேண்டும். கூடவே எக்ஸ்ரே, கையெழுத்து வாங்கிய படிவம் உட்பட முழுச் சிகிச்சைப் பதிவேட்டின் நகலும் வேண்டும். நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேட்டைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. போடாத இரண்டு தவணைக்கான 36,000 ரூபாயை உடனே திருப்பித் தர வேண்டும். முதல் தவணையில் போட்டது பிஆர்பி இல்லை என்றால் அந்த 18,000 ரூபாயும் சேர்த்து. 'கட்டிய பணம் திரும்பத் தரப்படாது' என்று ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைப் பார்த்தேன். செய்யாத சிகிச்சைக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதையும் பதிலில் விளக்குங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். காசு வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், மதுரைக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது. மாநில மருத்துவக் கவுன்சிலுக்கும் இதன் நகல் போகும்.

அப்புறம் ஒன்று. நான் கேட்டதற்குப் பதில் சொல்ல உங்கள் ஆட்களுக்கு நேரம் இல்லை, ஆனால் 'அடுத்த ஊசிக்கு எப்போது வருகிறீர்கள்' என்று அம்மாவின் போனுக்கு மட்டும் தவறாமல் அழைப்பு வருகிறது. அதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். எதுவானாலும் என் முகவரிக்கு எழுத்தில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
நோயாளியின் மகள்

இணைப்பு: பணம் கட்டிய ரசீது, சர்க்கரை அளவுக் குறிப்பு, இரண்டாவது எக்ஸ்ரே அறிக்கை ஆகியவற்றின் நகல்கள்.