தட்டைப் பாதம் உள்ளவர்கள் வெறுங்காலில் ஓடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெறுங்காலில் ஓடுவது குறித்துத் தங்கள் நாளிதழின் மருத்துவப் பகுதியில் அண்மையில் வெளிவந்த கட்டுரையையும், அதையொட்டி வாசகர்கள் எழுதிய கடிதங்களையும் படித்தேன். காலணியைக் கழற்றிவிட்டு ஓடத் தொடங்கினாலே தட்டைப் பாதமும் பெருவிரல் கோணலும் தாமாகச் சரியாகிவிடும் என்று ஒரு சாரார் எழுதியிருந்தார்கள். அத்தகைய பாதம் உள்ளவர்கள் அந்த நினைப்பையே விட்டுவிட வேண்டும் என்று மற்றொரு சாரார் எழுதியிருந்தார்கள். இவ்விரு குறைகளும் உள்ள பாதங்களோடு பல ஆண்டுகளாக ஓடிவருபவள் என்ற முறையில், இரண்டு கருத்துகளையும் மறுக்க விரும்புகிறேன். பாதத்தைப் பார்க்காமல் சொல்லப்படும் எந்த அறிவுரையும் எங்களுக்குப் பயன்படாது.

பெருவிரலின் அடிமூட்டில் பக்கவாட்டில் துருத்தி நிற்கும் புடைப்பைப் புதிதாக வளர்ந்த எலும்பு என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில், பாதத்தின் முதல் நீளெலும்பு உட்பக்கமாக விலகுகிறது, விரல் மற்ற விரல்களை நோக்கிச் சாய்கிறது, இடையில் உள்ள மூட்டு வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. குறுகிய முனையுள்ள காலணி அதன்மேல் உரசித் தோல் சிவந்து வீங்குகிறது என்பதால், காலணியைக் கழற்றியதும் வலி குறைவது இயல்பே. ஆனால் வலி குறைந்ததைக் கொண்டு விரல் நிமிர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. வளர்ந்தவர்களிடம் நிலைபெற்றுவிட்ட கோணலை எந்த ஓட்டமும் நேராக்குவதில்லை. அதோடு, ஓடும்போது தரையை உந்தித் தள்ளும் வேலையில் பெரும்பங்கு பெருவிரலுக்கு உரியது. அது சாய்ந்து போனால் அந்தச் சுமை பக்கத்து எலும்புக்கு மாறுகிறது. இரண்டாம் விரலுக்கு நேர் கீழே, உள்ளங்காலின் முன்பகுதியில் தோல் காய்த்துத் தடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இருந்தால், சுமை பெரும்பாலும் அங்கே மாறிவிட்டது என்று பொருள். அப்படிப்பட்டவர் மெத்தைக் காலணியை ஒரேயடியாக உதறினால், ஏற்கெனவே அதிகமாகச் சுமக்கும் எலும்பின் மேல்தான் கூடுதல் பாரம் விழும்.

தட்டைப் பாதத்தில் ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறான வகைகள் உண்டு என்பது அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இடம்பெறாதது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. ஈரக்காலோடு தரையில் நின்றால் முழுப் பாதமும் பதிகிறது என்பது மட்டும் நோய்க்கு அடையாளம் அன்று. கண்ணாடிக்கு முதுகு காட்டி நின்று, குதிகால்களை உயர்த்தி, தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அப்போது உள்வளைவு எழும்பி, குதிகால் உட்பக்கமாகத் திரும்பினால் அது நெகிழ்வான தட்டைப் பாதம். வலியும் இல்லையென்றால் அதற்குச் சிகிச்சையே தேவைப்படாமல் போகலாம். விரல்நுனியில் நின்றபோதும் வளைவு எழாத விறைத்த பாதம் வேறு. முன்பு நன்றாக இருந்து, நடுத்தர வயதில் ஒரு காலில் மட்டும் வளைவு சரிந்து, உட்கணுக்காலின் பின்புறம் வலியும் வீக்கமும் தோன்றினால், வளைவைத் தாங்கும் தசைநாண் பழுதுபட்டிருக்கக்கூடும். இந்தக் கடைசி இரண்டு நிலைகளிலும் எலும்பு மருத்துவரைப் பார்க்காமல் ஓடவே கூடாது, காலணி அணிந்திருந்தாலும் சரி.

வெறுங்கால் ஆதரவாளர்கள் காட்டும் சான்றுகள் பொய்யானவை அல்ல. 1958-இல் சீன மக்களிடையே நடந்த ஓர் ஆய்வில், காலணி அணிந்தவர்களில் 33 விழுக்காட்டினருக்குப் பெருவிரல் கோணல் இருந்தது, அணியாதவர்களில் 1.9 விழுக்காட்டினருக்கே இருந்தது. 1992-இல் வெளியான இந்திய ஆய்வு 2,300 சிறுவர் சிறுமியரின் பாதத் தடங்களைப் பார்த்தது. தட்டைப் பாதம் காலணி அணிந்தவர்களிடம் 8.6 விழுக்காடும், வெறுங்காலினரிடம் 2.8 விழுக்காடும் காணப்பட்டது. ஆனால் இவை சிறுவயது முதல் வெறுங்காலோடு வளரும் பாதம் எப்படி உருப்பெறுகிறது என்பதைப் பற்றிப் பேசுபவை. நாற்பது வயதில் காலணியைக் கழற்றினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அவற்றில் விடை இல்லை.

அந்தக் கேள்விக்கு நெருங்கிய விடை வேறிடத்தில் இருக்கிறது. வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் குதிகாலில் இறங்காமல் முன்பாதத்தில் இறங்குவதால், தரையிறங்கும் கணத்தின் திடீர் அதிர்ச்சி குறைகிறது என்று ஹார்வர்டின் டேனியல் லீபர்மன் குழுவினர் 2010-இல் எழுதினார்கள். ஆயினும் பாரம் மறைந்துபோவதில்லை. கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும் முன்பாத எலும்புகளுக்கும் இடம் மாறுகிறது. 2013-இல் வெளியான மற்றோர் ஆய்வில், அனுபவமுள்ள ஓட்டக்காரர்கள் 19 பேர் பத்து வாரங்களில் வெறுங்காலை ஒத்த மெல்லிய காலணிக்கு மாறினார்கள், எம்.ஆர்.ஐ. பரிசோதனையில் அவர்களில் 10 பேருக்குப் பாத எலும்பினுள் நீர்க்கோவை கூடியிருந்தது. எலும்பு தாங்க முடியாமல் திணறுவதன் அறிகுறி அது. 1960-இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் வென்ற அபேபே பிகிலா, 1964-இல் டோக்கியோவில் காலணியோடு மீண்டும் வென்றார் என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

நெகிழ்வான, வலியற்ற பாதம் உடையவர்கள் முயன்று பார்க்கத் தடை இல்லை என்பதே என் கருத்து. முதலில் வீட்டுக்குள் வெறுங்காலில் நடந்தும் ஒற்றைக்காலில் நின்றும் பழக வேண்டும். விரல்களை மடக்காமல் முன்பாதத்தைக் குதிகால் பக்கம் இழுத்து வளைவை உயர்த்தும் பயிற்சியை இயன்முறை மருத்துவரிடம் நேரில் கற்பது நல்லது. தனியாகச் செய்பவர்கள் பெரும்பாலும் விரல்களைச் சுருட்டிவிடுகிறார்கள். பிறகு, வழக்கமான ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு, சுத்தமான சமதரையில் ஓரிரு நிமிடம் குறுகிய எட்டுகளாக ஓடலாம். தோல் விரைவில் பழகிவிடும், எலும்புக்கு மாதக்கணக்கில் ஆகும். தோல் எரியவில்லை என்பதற்காகத் தூரத்தைக் கூட்டுவதே பலரையும் கெடுக்கிறது. கெண்டைக்கால் வலிப்பது எதிர்பார்க்கத்தக்கது. புறங்காலில் ஒரே புள்ளியில் அழுத்தினால் சுரீரென்று வலித்தால், அது மயிரிழை முறிவாக இருக்கலாம். அன்றோடு நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். வெறுங்கால் ஒத்துவராதவர்களுக்கு விரல்கள் விரிய இடமுள்ள அகன்ற முனைக் காலணியே போதிய நிம்மதியைத் தரும்.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவர்களுக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. அவர்கள் வெறுங்காலில் ஓடுவது மட்டுமன்று, நடப்பதும் ஆபத்து. குத்தியது தெரியாமலே புண் ஆழமாகி, காலையே இழக்க நேரிடலாம். மதமதப்பு இருக்கிறதோ என்ற ஐயம் இருந்தால்கூட, மென்மையான நைலான் இழையைப் பாதத்தில் அழுத்திப் பார்க்கும் எளிய பரிசோதனையை மருத்துவரிடம் செய்துகொள்ள வேண்டும்.

ஆகவே, இனி இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது சர்க்கரை நோயாளிகளுக்கான எச்சரிக்கையையும், விரல்நுனியில் நின்று பாதத்தைச் சோதிக்கும் முறையையும் கட்டுரையின் தொடக்கத்திலேயே தடித்த எழுத்தில் அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி