மூலையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது

தமிழ்நாட்டில் மல்யுத்தப் போட்டிகளை நடத்தும் பொறுப்பாளர்கள், நடுவர்கள், மூத்த பயிற்சியாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் குன்னூர்க்காரி. ரயில்வே, போலீஸ், கல்லூரி என்று எந்த அணியும் இல்லாமல் சொந்தச் செலவில் போட்டிக்கு வருகிறவள். போன மாநிலப் போட்டியில் முதல் சுற்றிலேயே 0-10 என்று தோற்றேன். என்னை ஜெயித்தவர் நன்றாக ஆடினார், நடுவர் தீர்ப்பிலும் குறையில்லை. நான் எழுதுவது நடுவில் வரும் அந்த 30 விநாடி இடைவேளையைப் பற்றி.

முதல் மூன்று நிமிடம் முடிந்தபோது 0-4. கைமீறிப் போய்விடவில்லை. எதிராளி தன் மூலைக்குப் போனார். அவருடைய கோச் துண்டால் முகம் துடைத்து, தண்ணீர் கொடுத்து, என் வலது காலைக் கைகாட்டி ஏதோ சொன்னார். என் மூலையில் நாற்காலி காலி. பாட்டில் அதற்கடியில் உருண்டு கிடந்தது, குனிந்து எடுப்பதற்குள் விசில் ஊதிவிட்டது. அதன்பின் அவர் என் வலது காலையே மறுபடி மறுபடி பிடித்தார். பிடிக்கு இரண்டு புள்ளி, வித்தியாசம் பத்தானதும் ஆட்டம் முடிந்தது. "காலை மாத்தி நில்லும்மா" என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

என்னை ஜெயித்தவர் அடுத்த சுற்றில் தோற்றதால், தோற்றவர்கள் வெண்கலத்துக்காக மறுபடி மோதும் ரெப்பசாஜும் எனக்குக் கிடையாது. இறுதிப்போட்டிக்குப் போனவரிடம் தோற்றவர்களுக்குத்தானே அந்த வாய்ப்பு. காலையிலேயே பையைக் கட்டிக்கொண்டு மேட்டுப்பாளையம் பஸ் பிடித்தேன்.

மலையிலிருந்து வருகிறவர்கள் பாடு உங்களுக்குத் தெரிய வேண்டும். 2018-இலிருந்து சர்வதேச விதிப்படி போட்டியன்று காலையில்தான் எடை பார்க்கிறார்கள். எடை இறக்க மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு தேயிலைத் தோட்டப் பாதையில் ஓடுவோம், இந்தக் குளிரில் லேசில் வியர்க்காது. பிறகு 14 கொண்டை ஊசி வளைவும் வெறும் வயிற்றோடு இறங்க வேண்டும். இவ்வளவும் பட்டுத் தோற்று, ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் திரும்பியவர்கள் அதோடு விளையாட்டையே விட்டுவிடுகிறார்கள். கோத்தகிரிப் பக்கம் அப்படி நின்றுபோன பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

நானும் பல நாள் மேட் பக்கம் போகவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, யாராவது விசாரித்தால் அழுகை வந்தது. பார்வையாளர் ஒருவர் போனில் எடுத்திருந்த வீடியோவை அனுப்பினார். அதைப் பார்த்த பிறகுதான் வலது கால் விஷயமே விளங்கியது. விளங்கிய மறுநாளே பயிற்சிக்குப் போய்விட்டேன்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யூய் சுசாகி முதல் ஆட்டத்திலேயே வினேஷ் போகட்டிடம் தோற்றார். அதற்கு முன் சர்வதேசப் போட்டியில் தோற்றே அறியாதவர். மறுநாளே வெண்கலத்துக்கான ஆட்டத்தில் இறங்கி அதை வாங்கினார். நம் நாட்டு மல்யுத்த வீரர் கே.டி. ஜாதவ் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஆறாவது இடம். 1952 ஹெல்சின்கிக்குப் போக ஊரார் பணம் திரட்டிக் கொடுத்தார்கள், சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் வந்தது. பதக்கம் இல்லாமல் திரும்பியவருக்குப் பின்னால் ஆட்கள் இருந்தார்கள் என்பதைத்தான் நான் அதில் பார்க்கிறேன்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. பதிவுப் படிவத்தில் 'பயிற்சியாளர் இல்லை' என்று ஒரு கட்டம் போடுங்கள். அதை டிக் செய்தவர்களின் மூலையில், அன்று வேலையில்லாத கோச்சோ ஓய்வுபெற்ற வீரரோ ஒருவர் உட்காரட்டும். ஆட்டத்தின் வீடியோ தோற்றவர் கைக்கும் வரட்டும். முதல் சுற்றிலேயே வெளியேறியவர்களுக்கு மாலையில் மேட் காலியானதும் ஒரு நட்பு ஆட்டம் வையுங்கள், புள்ளி கணக்கெல்லாம் வேண்டாம்.

அடுத்த போட்டிக்கு நான் பெயர் கொடுக்கிறேன். அதற்குள் அந்தக் கட்டம் படிவத்தில் வந்துவிட வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குன்னூரிலிருந்து ஒரு மல்யுத்த வீராங்கனை