ஏரிக்கரைப் பூங்காவில் ஒரு புங்கைக் கன்றுக்கு இடம் கேட்டு

மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கும் பூங்காப் பராமரிப்புக் குழுவினருக்கும் வணக்கம்.

ஏரிக்கரைப் பூங்காவை அழகுபடுத்தும் பணிக்காக அங்கே நின்ற பழைய புங்கை மரத்தை வெட்டிவிட்டு, பைபர் எனப்படும் கண்ணாடி இழையால் செய்த உருவங்களையும் செயற்கைப் புல்லையும் வைத்திருப்பது தாங்கள் அறிந்ததே. சென்ற ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மட்டும் தங்கள் பார்வைக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

புங்கை நின்ற இடத்தில் இப்போது நிற்கும் பைபர் மானை என் பேத்தி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். வெயிலில் சாயம் வெளுத்து, கொம்பு ஒடிந்த இடத்தில் அதன் கண்ணாடி இழை வெளியே தெரிகிறது. அந்த இழை அவளுடைய முன்கையில் ஏறிவிட்டது. கண்ணுக்கே தெரியாத முள். செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தும் இரவு முழுவதும் அரிப்பு அடங்கவில்லை. அழுத பிள்ளையை அங்கே தரையில் உட்கார வைக்கவும் வழியில்லை. காலை 11 மணிக்கே செயற்கைப் புல் கால் வைக்க முடியாதபடி கொதித்தது. உண்மையான புல், வேரால் எடுத்த நீரை ஆவியாக விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். பிளாஸ்டிக்குக்கு அது இயலாது. ஒதுங்கி நிற்கப் புங்கை நிழலும் இல்லை. அந்த உருவங்களையும் செயற்கைப் புல்லையும் அகற்றிவிட்டு, மரம் இருந்த இடத்தில் புங்கைக் கன்றையே நட வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

நான் சிலைகளுக்கு எதிரி அல்லன். மாமல்லபுரத்தில் உளி பிடிக்கக் கற்று, 40 ஆண்டுகளாகக் கல் வேலை செய்து பிழைப்பவன். அங்கே அர்ச்சுனன் தபசு என்று சிலரும், கங்கை இறங்கிய காட்சி என்று சிலரும் சொல்லும் பாறையைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். பாறையில் இயல்பாகவே இருந்த பிளவைக் குறை என்று எண்ணி அடைக்காமல், அதையே ஆறாக்கி, அதற்குள் நாகர்களைச் செதுக்கினார்கள் பல்லவர் காலத்துச் சிற்பிகள். அருகில் ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கிறது. சுமார் 1300 ஆண்டுகளாக வெயிலையும் கடலின் உப்புக் காற்றையும் தாங்கியும் அந்த மானின் சுகம் குறையவில்லை. நம் பூங்கா மான் இரண்டு கோடையைக்கூடத் தாங்கவில்லை.

பூங்காவோடு இது நிற்கவில்லை என்பதும் வருத்தமாக இருக்கிறது. தென்னை காய்க்கும் ஊரில், சந்திப்புக்குச் சந்திப்பு விளக்கெரியும் பிளாஸ்டிக் தென்னை எதற்கு? இருக்கும் மரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை என்று சொல்லிவிட்டு, இல்லாத மரத்துக்கு மின்கட்டணம் கட்டுகிறோம். 1957 முதல் மாமல்லபுரத்தில் அரசே சிற்பக் கல்வி அளித்துவரும்போது, அங்கே படித்து வந்த பிள்ளைகளிடம் ஒரு கல்லைக் கொடுக்க நமக்கு மனம் வரவில்லை.

கோபத்தில் சற்று நீட்டிவிட்டேன், பொறுத்தருள வேண்டும். பைபர் உருவங்களையும் செயற்கைப் புல்லையும் கோடை முற்றுவதற்குள் எடுத்துவிட்டு, புங்கைக் கன்றை நட்டுத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் பட்டறையில், ஒரு பக்கம் மட்டும் பொளிந்து, மறுபக்கம் பாறையாகவே விட்ட கருங்கல் ஒன்று இருக்கிறது. குழந்தைகள் ஏறி உட்காரலாம். விலை வேண்டாம், கன்றுக்கு வேலி போட்டதும் சொல்லி அனுப்புங்கள், என் செலவிலேயே வண்டியில் ஏற்றி வந்து இறக்குகிறேன்.

இப்படிக்கு,
ஏரிக்கரைத் தெருவில் வாழும் கல் தச்சன்