ஓடிபி கேட்காத திருட்டும் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

ஞாயிறன்று வந்த சைபர் மோசடிக் கட்டுரையில், "ஓடிபியை நாமாகச் சொன்னால் ஒழிய கணக்கிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகாது" என்று போட்டிருந்தீர்கள். எழுதியவரை ஒருமுறை கருங்கல்லுக்கு அனுப்பிவையுங்கள். அங்கேதான் என் மைனி (அண்ணி) இருக்கிறார்.

மைனியிடம் இருப்பது பட்டன் போன். ஏடிஎம் கார்டு வாங்கியதே இல்லை. யாரும் கூப்பிடவில்லை, எதையும் கேட்கவில்லை. ஆதார் எண்ணும் வங்கியின் பெயரும் கைரேகையும் இருந்தால் பணம் எடுக்கலாம் என்று ஒரு வசதி இருக்கிறதே, அதன் வழியாக மகன் துபாயிலிருந்து அனுப்பிய பணம் பத்தாயிரம் பத்தாயிரமாகப் போய்விட்டது. எஸ்எம்எஸ் வந்தது, ஆங்கிலத்தில். பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசித்துச் சொன்ன பிறகுதான் விஷயமே தெரிந்தது.

ரேகையை எங்கே திருடினார்கள்? ரேஷன் கடை, சிம் கார்டு கடை, பத்திரப்பதிவு என்று விரல் வைக்காத இடம் ஏது? வடக்கே பத்திர நகலிலிருந்தே ரேகையைப் பிரதி எடுத்த கும்பல்கள் பிடிபட்டதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல.

மறுநாளே வங்கிக்குப் போனோம். மேலாளர் கேட்ட முதல் கேள்வி, "யார்கிட்டம்மா நம்பர் சொன்னீங்க?" போலீசுக்குப் போகச் சொன்னார். போலீசில் வங்கிக்குப் போகச் சொன்னார்கள். வங்கி மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாத மோசடியை 3 வேலைநாட்களுக்குள் தெரிவித்தால் நஷ்டம் வாடிக்கையாளருக்கு இல்லை, 10 வேலைநாட்களுக்குள் பணத்தைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும், தவறு வாடிக்கையாளருடையது என்றால் அதை வங்கிதான் நிரூபிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. அந்தச் சுற்றறிக்கையை நீட்டினால், "அது வேற, இது வேற" என்கிறார் மேலாளர். எது வேறு என்று இன்றுவரை சொல்லவில்லை.

சின்னத் தொகை எடுக்க வந்த கிழவிகளை எல்லாம் "வெளியே வங்கி முகவரிடம் ரேகை வைத்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று விரட்டியது இதே கிளைதான். பாஸ்புக் அச்சடிக்கும் இயந்திரம் ஓடிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. வாடிக்கையாளர் சேவைக்கு அடித்தால் இந்தியில் பேசுகிறார்கள். மைனிக்கு விழிப்புணர்வு போதாதாம்!

கார்டு வைத்திருப்பவர்கள் மட்டும் தப்பித்தார்களா? வெளிநாட்டு இணையதளங்கள் பலவற்றில் கார்டு எண்ணும் காலாவதித் தேதியும் பின்பக்க 3 இலக்கமும் இருந்தால் போதும், ஓடிபி கிடையாது. வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியிலேயே அணைத்துவைக்கலாம் என்றோ, ஆதாரில் கைரேகையைப் பூட்டிவைக்கலாம் என்றோ தங்கள் நிபுணர் ஒரு வரி எழுதியிருக்கலாம். (பூட்டினால் ரேஷன் கடைக்குப் போகும்முன் திறக்க வேண்டும், அது தனிப் பாடு.)

சரி, கேட்பது இவ்வளவுதான். அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அப்புறம், தினமும் ரயில் நேரம் வரும் கட்டத்துக்குப் பக்கத்தில், பணம் போனால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடிக்க வேண்டும், 3 வேலைநாட்களுக்குள் வங்கியில் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும் என்பதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். இடம் இல்லையென்றால், அதே பக்கத்தில் வரும் "ஆவணமே இல்லாமல் ஐந்து நிமிடத்தில் கடன்" விளம்பரங்களில் ஒன்றை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
தக்கலை