ஓசூருக்கு ஒரு வெற்றிடக் கலம்: தமிழ்நாடு தொழில்துறைக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். ஓசூர் சிப்காட் பக்கம் சின்னதாக ஒரு சி.என்.சி. (கணினி வழி உலோகம் குடையும்) பட்டறை நடத்துகிறேன். விண்வெளி என்றாலே அரசின் பார்வை குலசேகரன்பட்டினம், மகேந்திரகிரி என்று தெற்கே போகிறது. ராக்கெட் ஏவக் கடல் வேண்டும், அதில் எங்களுக்கு வருத்தமில்லை. ஆனால் செவ்வாயைத் தாண்டிப் போகும் கலங்களுக்கான மின்சார எஞ்சின் வேறு ரகம். அதைச் சோதிக்கக் கடல் வேண்டாம்; காற்றை உறிஞ்சி எடுத்த பெரிய தொட்டி, அதாவது வெற்றிடக் கலம், வேண்டும். அதைக் கேட்டுத்தான் இந்த மடல்.

நாசாவின் டான் கலம் 2007இல் கிளம்பி செவ்வாய்க்கு அப்பால் சுற்றும் வெஸ்டா என்ற சிறுகோளை 2011இலும், சீரிஸ் என்ற குறுங்கோளை 2015இலும் எட்டியது. அதன் அயனி எஞ்சின் (மின்னூட்டம் ஏற்றிய வாயுவை, அதாவது அயனிகளை, மின்சாரத்தால் வெளியே தள்ளும் எஞ்சின்) தந்த விசை அதிகபட்சம் சுமார் 90 மில்லிநியூட்டன். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகம் பிடிக்கவே நாலு நாள். நம்ம ஊர் டவுன் பஸ்ஸே தேவலை! ஆனால் ரசாயன எஞ்சின் நொடிக்கு 3 முதல் 4.5 கிலோமீட்டர் வேகத்தில் வாயுவைத் தள்ளும்; இது 30 கிலோமீட்டரில் தள்ளியது. அதனால்தான் 425 கிலோ செனான் வாயுவை மட்டும் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஓட முடிந்தது.

அந்த எஞ்சினின் உயிர்நாடி அயனிகளை இழுத்து வெளியே தள்ளும் இரண்டு மாலிப்டினம் உலோகத் தகடுகள். ஆயிரக்கணக்கான துளைகள், இரண்டு தகடுகளுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி, அதில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம். துளைக்குத் துளை நேராக நிற்காவிட்டால் அயனிகள் தகட்டையே அரித்துவிடும். மைக்ரான் கணக்கில் துளை போடுவது எங்கள் பிழைப்பு.

சென்ற ஆண்டு ஓர் இளம் நிறுவனத்துக்கு மாதிரித் தகடு செய்து கொடுத்தோம். மைக்ரோமீட்டரில் எல்லாம் சரி. வெற்றிடத்தில் தாங்கியதா? சோதிக்க இடம் கிடைக்காமல் அப்படியே கிடக்கிறது.

இந்த எஞ்சின் காற்றில் ஓடாது. பெரிய வெற்றிடக் கலம் வேண்டும். வெளியேறும் செனானைக் கிரையோ பம்ப் (கடும் குளிரூட்டும் பம்ப்) உடனுக்குடன் உறைய வைத்துப் பிடிக்க வேண்டும். அதையும் மாதக்கணக்கில் நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். நாசாவின் டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்தின் உதிரி அயனி எஞ்சினை 30,352 மணி நேரம் ஓட்டிப் பார்த்தார்கள். நம் இஸ்ரோவும் 2025இல் 300 மில்லிநியூட்டன் பிளாஸ்மா எஞ்சினை (இதுவும் மின்சார எஞ்சின்தான்) 1000 மணி நேரம் சோதித்தது. இந்தச் செலவு எந்தப் பட்டறைக்கும் கட்டுப்படியாகாது.

கேட்பது மானியமல்ல. ஓசூரில் ஒரு பொதுச் சோதனைக் கூடம் கட்டுங்கள். மணிக் கணக்கில் கட்டணம் கொடுக்கத் தயார். இஸ்ரோவின் பெங்களூரு மையங்களும் பக்கம்தான், அத்திப்பள்ளியில் நெரிசல் இல்லாவிட்டால். கிருஷ்ணகிரி, தருமபுரி ஐடிஐ பிள்ளைகளுக்கும் அங்கே வேலை இருக்கும். தடையில்லா மின்சாரத்தை மட்டும் முதலிலேயே உறுதி செய்யுங்கள்: ஓடும்போது கரன்ட் போனால் பம்ப் சூடேறி, உறைந்த வாயு அத்தனையும் திரும்ப வெற்றிடக் கலத்துக்குள் வந்துவிடும்.

சட்டமன்றத்தில் உங்கள் துறையின் அடுத்த மானியக் கோரிக்கைக்கு முன் ஒரு குழுவை அனுப்பி வையுங்கள். பட்டறை பட்டறையாக நானே கூட்டிப் போகிறேன்.

இப்படிக்கு,
ஓசூர் பட்டறைக்காரன் ஒருவன்